ஜப்பான் புறநகர் மின்ரயில் மாதிரிகள்: சேகரிப்பும் நுணுக்க வேலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவைச் சுற்றி ஓடும் யமனோதே, சூவோ, கேய்ஹின்-தோஹோகு போன்ற தடங்களின் மின்ரயில்களை 1/150 அளவில் சேர்ப்பவர்களுக்கும், சேர்த்ததை இன்னும் நிஜமாக்க நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம்.

என் (N) கேஜ், 1/150 என்பதெல்லாம் என்ன? ஏன் இந்த அளவு?

என் கேஜ் என்றால் தண்டவாள அகலம் 9 மி.மீ. ஜப்பானில் சாதாரண ரயில்களை 1/150 அளவிலும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலை 1/160 அளவிலும் செய்கிறார்கள். ஷின்கான்சென் ஓடும் 1435 மி.மீ. பாதையை 160 ஆல் வகுத்தால் ஏறக்குறைய சரியாக 9 வரும். சாதாரண ரயில் பாதை 1067 மி.மீ. தான். 150 ஆல் வகுத்தால் 7.1 மி.மீ. வர வேண்டும், ஆனால் மாதிரியும் அதே 9 மி.மீ. பாதையில்தான் ஓடுகிறது. நேர் எதிரே குனிந்து பார்த்தால் சக்கரங்கள் அகன்று நிற்பது தெரியும். பக்கவாட்டில் தெரியாது, பெரும்பாலானோர் கவலைப்படுவதும் இல்லை.

புறநகர் ரயிலுக்கு இந்த அளவு பொருந்துவதற்குக் காரணம் நீளம். நிஜத்தில் 20 மீட்டர் பெட்டி இங்கே 133 மி.மீ. பத்துப் பெட்டித் தொடர் 1.33 மீட்டருக்குள் அடங்கும். அதையே ஜப்பானில் புழங்கும் 1/80 அளவில் செய்தால் 2.5 மீட்டர். புறநகர் ரயிலின் அழகே அதன் நீளத்தில்தான் இருக்கிறது. நான்கு பெட்டியாகச் சுருக்கி ஓட்டினால் அது வேறு ஏதோ கிளைப்பாதை வண்டி போல ஆகிவிடும்.

முதலில் எந்த வண்டியை வாங்குவது?

வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு தடத்தையும் ஓர் ஆண்டையும் தேர்ந்தெடுங்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் செலவுமிக்க தவறு, பிடித்த நிறத்தில் ஒவ்வொன்றாக வாங்கி, கடைசியில் ஒரே நிலையத்தில் ஒருபோதும் சந்தித்திராத வண்டிகளை அருகருகே நிறுத்துவது.

யமனோதே தடத்தை எடுத்துக்கொள்வோம். 103 வரிசை வண்டிகள் 1960-களில் வந்து 1988 வரை ஓடின. துருப்பிடிக்காத எஃகு உடல் கொண்ட 205 வரிசை 1985-இல் வந்தது. ஆக இளம்பச்சை 103-உம் வெள்ளி நிற 205-உம் அருகருகே நிற்கும் காட்சி வேண்டுமென்றால் உங்களுக்கு இருப்பது 1985 முதல் 1988 வரைதான். அந்த ஆண்டுகளில் 205 பத்துப் பெட்டித் தொடர். ஆறு கதவுப் பெட்டி ஒன்றைச் சேர்த்து எல்லாத் தொடர்களும் 11 பெட்டி ஆனது 1991 இறுதியில். எனவே ஆறு கதவுப் பெட்டியுள்ள 205 தொகுப்பை 103-க்கு அருகில் நிறுத்தினால் காலம் பொருந்தாது. அதிலும் 1985-இல் வந்த முதல் நான்கு 205 தொடர்களில் சன்னல் மேல் கீழ் என இரண்டாகப் பிரிந்திருக்கும். பிறகு வந்தவற்றில் ஒரே கண்ணாடி. தொகுப்பின் பெயர்ப்பட்டியில் எந்தக் காலத்து வடிவம் என்று எழுதியிருப்பார்கள். விலையைப் பார்க்கும் முன் அதைப் படியுங்கள்.

அதற்குப் பின் 2002-இல் இ231-500, 2015-இல் இ235. ஒரு தடத்துக்கே இவ்வளவு இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பத்தாண்டுச் சேகரிப்புக்குப் போதும்.

பெட்டியில் எழுதியிருக்கும் குஹா, மோஹா, சாஹா எதைக் குறிக்கிறது?

'கு' ஓட்டுநர் அறை உள்ள, மோட்டார் இல்லாத பெட்டி. 'மோ' மோட்டார் உள்ளது. 'சா' இரண்டும் இல்லாத வெறும் இழுவைப் பெட்டி. 'ஹா' சாதாரண வகுப்பு, 'ரோ' கூடுதல் கட்டணம் கொண்ட பச்சை வகுப்பு. 103 வரிசையில் மோஹா 103-உம் மோஹா 102-உம் பிரிக்க முடியாத ஜோடி. மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃப் மோஹா 103-இன் கூரையில் இருக்கும். பழைய பொருள் விற்கும் கடையில் தனித்தனியாகப் பெட்டிகளைப் பொறுக்கித் தொடர் அமைப்பவர்கள் இந்த ஜோடியைப் பிரித்துவிட்டால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இன்னொன்று: நிஜத்தில் 'மோ' என்றிருப்பதெல்லாம் மாதிரியில் மோட்டார் பெட்டி அல்ல. பத்துப் பெட்டிக்கும் சேர்த்து ஒரே பெட்டியில்தான் மோட்டார் இருக்கும்.

அடிப்படைத் தொகுப்பு, கூடுதல் தொகுப்பு என்று பிரித்து விற்கிறார்களே?

அடிப்படைத் தொகுப்பில் இரண்டு முனைப் பெட்டிகளும் மோட்டார் பெட்டியும் இருக்கும். கூடுதல் தொகுப்பில் பெரும்பாலும் மோட்டார் இருக்காது. ஒரு முறை தயாரித்து விற்றுத் தீர்ந்தால் மறு தயாரிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அடிப்படைத் தொகுப்பு மறுபடி கிடைத்துவிடும், கூடுதல் தொகுப்புதான் கிடைக்காது. எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் இரண்டையும் தள்ளிப்போடுங்கள்.

இ235 யமனோதே வண்டியில் ஒரு பெட்டி மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. தயாரிப்புப் பிழையா?

இல்லை, அது 10-ஆம் எண் பெட்டி. பெரும்பாலான தொடர்களில் இது முந்தைய இ231-500 தொடரிலிருந்து எடுத்து மாற்றியமைத்த சாஹா இ235-4600. யமனோதே வண்டியும் கேய்ஹின்-தோஹோகு வண்டியும் தேவைப்பட்டால் ஒரே நடைமேடையைப் பயன்படுத்தும் பகுதி உண்டு. கேய்ஹின்-தோஹோகுவில் 10-ஆம் பெட்டி ஓட்டுநர் அறை உள்ள முனைப் பெட்டி என்பதால் அதன் கதவுகள் சற்றுத் தள்ளியிருக்கும். நடைமேடைத் தடுப்புக் கதவுகளோடு ஒத்துப்போக யமனோதேயின் 10-ஆம் பெட்டியிலும் கதவு இடம் மாற்றப்பட்டது. நல்ல மாதிரிகளில் இந்தப் பெட்டிக்குத் தனி அச்சே போட்டிருப்பார்கள். தொடரை அடுக்கும்போது இதை 10-ஆம் இடத்தில், சரியான திசையில் வைக்க வேண்டும்.

என்னிடம் பத்துப் பெட்டி சூவோ தட இ233 இருக்கிறது. பச்சை வகுப்புப் பெட்டி இரண்டை வாங்கிச் சேர்த்தால் இன்றைய வண்டி ஆகிவிடுமா?

முழுமையாக ஆகாது. இரட்டைத் தளப் பச்சை வகுப்புப் பெட்டிகள் 2024 அக்டோபர் 13 முதல் சோதனை முறையிலும், 2025 மார்ச் 15 முதல் முறையாகவும் ஓடுகின்றன. அவை 4, 5-ஆம் இடங்களில் வரும், தொடர் 12 பெட்டி ஆகும். ஆனால் அதற்கு முன்பே பழைய 4-ஆம் பெட்டியில் கழிவறை வைத்துவிட்டார்கள். அதுதான் இப்போது 6-ஆம் பெட்டி. கழிவறை வந்த இடத்தில் பக்கச் சுவரின் தோற்றம் மாறிவிட்டது. பழைய மாதிரியில் அந்த மாற்றம் இருக்காது. பெட்டியின் வெளியே ஒட்டியிருக்கும் வரிசை எண்களும் பழைய 4 முதல் எல்லாம் இரண்டு கூடும். மூன்றையும் செய்யப் பொறுமை இல்லாவிட்டால் பத்துப் பெட்டியாகவே வைத்துக்கொண்டு 2019-க்கு முந்தைய வண்டி என்று சொல்லிவிடலாம். அதுவே நேர்மையான வழி.

காட்டோ, டோமிக்ஸ், மைக்ரோஏஸ், கிரீன்மேக்ஸ்: கலந்து ஓட்டலாமா?

ஒரே பாதையில் தனித்தனியாக ஓட்டலாம். ஒரே தொடருக்குள் கலக்க வேண்டாம். கூரை உயரம் சற்று மாறும், ஒரே தடத்து ஆரஞ்சு இரண்டு நிறுவனத்தில் இரண்டு சாயலில் வரும். பாதையும் அப்படித்தான்: இரட்டைப் பாதை இடைவெளி காட்டோவில் 33 மி.மீ., டோமிக்ஸில் 37 மி.மீ. பாதை எந்த நிறுவனம் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தனியார் புறநகர் ரயில்கள் (கேய்க்கியூ, ஒடாக்கியூ, தோபு போன்றவை) வேண்டுமானால் கிரீன்மேக்ஸ் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார்கள். வண்ணம் பூசாத, நாமே கட்ட வேண்டிய கிட்களும் அங்கே உண்டு.

'டெத்சுடோ கலெக்ஷன்' விலை குறைவாக இருக்கிறது. ஓடுமா?

அப்படியே ஓடாது. அது காட்சிக்கு வைக்கும் மாதிரி: பிளாஸ்டிக் சக்கரம், எடை இல்லை. ஓட்ட வேண்டுமானால் பெட்டி நீளத்துக்குப் பொருந்தும் மோட்டார் அலகு ஒன்றும், மற்ற பெட்டிகளுக்கு உலோகச் சக்கரமும் எடையும் வாங்க வேண்டும். பெட்டி நீளம் மட்டும் பொருந்தினால் போதாது, போகியின் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) அச்சு இடைவெளியும் பொருந்த வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும்.

நுணுக்க வேலை என்றால் எதிலிருந்து தொடங்குவது?

எங்கள் வரிசை இது: பெட்டி எண், சேருமிடப் பலகை, கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) இடைவெளி. இந்த மூன்றும் முடிந்தால் ஓரடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. அழுக்குப் பூச்சு கடைசி. பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். எண் இல்லாத அழுக்கு ரயிலைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

கருவி அதிகம் வேண்டாம். கையால் திருகும் சிறு துளைக்கருவி, அதற்கு 0.5 முதல் 1.0 மி.மீ. வரை அலகுகள், கூர்முனை இடுக்கி, புதிய பிளேடு, மறைப்பு நாடா, மொண்ணை முனைக் குச்சி, ரப்பர் வகைத் தெளிந்த பசை. சயனோ பசையை (சூப்பர் குளூ வகை) சன்னல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி வெண்மையாக மங்கிவிடும், துடைத்தால் போகாது.

மேல்கூட்டை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

பழைய ரீசார்ஜ் அட்டை போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உடலுக்கும் தரைக்கும் நடுவே இரு பக்கமும் செருகி, ஒரு முனையிலிருந்து மெல்ல விலக்கவும். இரும்புத் திருப்புளி கூடவே கூடாது, ஓரத்து வண்ணம் பெயர்ந்துவிடும். முனைப் பெட்டியில் முகப்பு விளக்கின் ஒளிக்குழாய் உள்ளே மாட்டியிருக்கலாம். பின்முனையிலிருந்து தொடங்கினால் அது தப்பிக்கும்.

ஆண்டெனா, ஊதல் பொருத்தத் துளை போட வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான், கூரையில் தவறான துளை மறையாது. மேல்கூட்டைக் கழற்றி உட்புறம் பாருங்கள். பல மாதிரிகளில் துளை போட வேண்டிய இடத்தில் சிறு குழி இருக்கும். சிலவற்றில் இடத்தைக் காட்டும் சட்டம் உறையிலேயே வரும். கையேட்டில் சொன்ன விட்டம் 0.8 என்றால் முதலில் 0.5 அலகால் வழி போட்டு, பிறகு 0.8 அலகால் பெரிதாக்குங்கள். அலகு செங்குத்தாக இருக்கிறதா என்று முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பாகம் இறுக்கமாக உட்கார்ந்தால் பசையே வேண்டாம். தளர்ந்தால் உட்புறமிருந்து ஒரு புள்ளி ரப்பர் பசை போதும். பாகத்தைச் சட்டகத்திலிருந்து வெட்டும்போது பாலித்தீன் பைக்குள் கையை விட்டு வெட்டுங்கள். 3 மி.மீ. ஊதல் தெறித்தால் தரையில் கிடைக்காது.

எண்களை ஒட்டும்போது பாதி எழுத்து தாளிலேயே நின்றுவிடுகிறது.

தேய்த்து ஒட்டும் எழுத்துகளுக்கு எதிரி எண்ணெய்ப் பிசுக்கு. உடலை ஆல்கஹால் துடைப்பால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது. எண்ணை அதன் தாளோடு சிறு துண்டாக வெட்டி, மறைப்பு நாடாவால் ஒரு பக்கம் மட்டும் உடலில் நிறுத்தவும். மொண்ணை முனையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்க்கவும். தாளை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஏதாவது எழுத்து வரவில்லை என்றால், நாடா பிடித்திருப்பதால் தாள் அதே இடத்தில் திரும்பப் படியும், மறுபடி தேய்க்கலாம். கோணலாகிவிட்டால் ஒட்டு நாடாவால் தொட்டு எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். பத்துப் பெட்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக 20 எண்கள், முகப்பு எண் தனி. ஒரே அமர்வில் முடிக்க நினைத்தால் கடைசி ஐந்து கோணலாகத்தான் வரும்.

பிறகு மெல்லிய வார்னிஷ் தெளிப்பு இரண்டு தடவை. எஃகு நிற உடலுக்கு அரைப் பளபளப்பு வகைதான் சரி. முழு மங்கல் வகை தெளித்தால் எஃகு ஈயம் போல ஆகிவிடும். சென்னை, கொழும்பு போன்ற ஈரக்காற்று ஊர்களில் மழைநாளில் தெளிக்கவே வேண்டாம். லாக்கர் உலரும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் படிந்து வெண்புகை போல நின்றுவிடும்.

சேருமிடப் பலகை ஒட்டினால் வெள்ளை ஓரம் தெரிகிறதே?

ஒட்டுத்தாளின் வெட்டுப்பக்கம்தான் அந்த வெள்ளை. வெட்டியதும் நான்கு ஓரத்திலும் கறுப்பு நிரந்தரப் பேனாவைப் படுக்கவைத்து ஓட்டுங்கள். வெட்டுவதற்குப் புது பிளேடு, ஒரே இழுப்பு. ஒரே தொடரின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே சேருமிடம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் கண்காட்சிகளில் ஒரு முனையில் தகாவோவும் மறுமுனையில் டோக்கியோவும் காட்டும் சூவோ வண்டிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பெட்டிகளுக்கு இடையே இடைவெளி மிக அதிகமாகத் தெரிகிறது.

நிஜத்தில் இரண்டு உடல்களுக்கு நடுவே சுமார் அரை மீட்டர், அதாவது மாதிரியில் 3.3 மி.மீ. பழைய ஆர்னால்ட் கப்ளர் அதைவிட இருமடங்குக்கு மேல் விலக்கி நிறுத்தும். டோமிக்ஸின் டிஎன் கப்ளர் போகியில் அல்லாமல் தரைச்சட்டத்தில் மாட்டுவது, இடைவெளி நிஜத்துக்கு அருகில் வரும். பத்துப் பெட்டியில் 20 முனைகள். இரு முகப்புகளை விட்டால் 18, ஆறு கொண்ட உறை என்றால் மூன்று உறை. மாட்டும் முன் போகியிலிருக்கும் ஆர்னால்ட் கையை நீக்க வேண்டும், விட்டுவைத்தால் வளைவில் இடித்துத் தடம்புரளும். மாட்டிய பின் கப்ளர் பக்கவாட்டில் ஊஞ்சல் போல் ஆடி நடுவுக்குத் தானே திரும்புகிறதா என்று ஒவ்வொன்றையும் தள்ளிப் பாருங்கள்.

நெருக்கமான கப்ளருக்கு விலை உண்டு: சிறு வளைவு ஒத்துக்கொள்ளாது. 20 மீட்டர் பெட்டிக்கு 280 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போகாதீர்கள். இடமும் வலமும் அடுத்தடுத்து வரும் வளைவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்ப்பாதை வையுங்கள்.

உள்விளக்கு: சந்தையில் கிடைக்கும் எல்இடி பட்டையை வெட்டிப் போடலாமா?

போடலாம், ஆனால் மெதுவாக ஓடும்போது எரியாது. 12 வோல்ட் பட்டையின் ஒவ்வொரு துண்டிலும் மூன்று எல்இடிகள் தொடராக இருக்கின்றன. எரியவே ஒன்பது வோல்ட் அளவுக்கு வேண்டும். நிலையத்துக்குள் நுழையும் வேகத்தில் பாதையில் இருப்பது நான்கைந்து வோல்ட்தான். நிறுவன விளக்குகள் ஓர் ஓரத்தில் எல்இடி வைத்து நீண்ட ஒளிக்கம்பியால் பரப்புவதற்கு இதுவே காரணம்: ஓர் எல்இடிக்கு 3 வோல்ட், இருதிசை மின்னோட்டத்துக்கான டையோடு பாலத்தில் 1.4 வோல்ட், ஆக நாலரையிலேயே எரிந்துவிடும்.

நிறம் வெள்ளைதான். மஞ்சள் ஒளி நெடுந்தூரப் பெட்டிகளுக்கு அழகு, புறநகர் ரயிலில் இருந்தது குழல்விளக்கு. விளக்கு போட்டதும் இருக்கைகள் தெரியும், எனவே அவற்றுக்கும் வண்ணம் வேண்டும்: 103 என்றால் நீலம், இ235 யமனோதே என்றால் பச்சை. கூரை ஓரத்திலோ சுவரிலோ ஒளி கசிந்தால் உட்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பூசவும்.

மினுக்கினால் விளக்கைக் குறை சொல்லும் முன் சக்கரங்களை ஆல்கஹாலால் துடையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. பத்துப் பெட்டியிலும் விளக்கு போட்டால் மின்சேகரிப்புத் தகடுகளின் உராய்வு கூடி வண்டி கனமாக இழுக்கும். 4 சதவீத ஏற்றத்தில் மோட்டார் பெட்டி வழுக்கத் தொடங்கும்.

கதவு இடுக்கு, வலை போன்ற பள்ளக் கோடுகளில் கறுப்பு மை ஓட்டிய பின் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிட்டது. ஏன்?

எனாமல் கரைப்பான். அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அது ஊறினால் விரிசல் விடும். கொக்கி மாட்டும் இடங்கள், திருகு போகும் தூண்கள், போகி நடுமுளை மூன்றும் ஆபத்தான இடங்கள். பாகங்களைக் கழற்றி, இறுக்கம் இல்லாத நிலையில் மையிட்டு, முழுதும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். மையைத் தொட்டு வைத்தால் போதும், குளிப்பாட்டக் கூடாது. கூரைக்கும் குளிரூட்டி வலைக்கும் அடர்சாம்பல், வெளிர்நிறக் கதவு இடுக்குகளுக்கும் சாம்பல். கறுப்பு எல்லா இடத்திலும் கார்ட்டூன் கோடாகத் தெரியும்.

அழுக்குப் பூச்சு எவ்வளவு?

நினைப்பதில் பாதி. புறநகர் வண்டிகளைத் தவறாமல் கழுவுகிறார்கள், பக்கச்சுவர் சுத்தமாகவே இருக்கும். அழுக்கு தங்குவது கூரையிலும் தரைக்குக் கீழும்தான். 103 போன்ற பழைய வண்டிகளின் அடிப்பகுதியில் தடைக்கட்டையிலிருந்து வரும் இரும்புத்தூள் செம்பழுப்பாகப் படியும். இ231-க்குப் பிந்தையவை மின்னாக்கத் தடையை (மோட்டாரையே மின்னாக்கியாக்கி வேகம் குறைக்கும் முறை) அதிகம் பயன்படுத்துவதால் அவ்வளவு படியாது, மெல்லிய சாம்பல்பழுப்பே போதும். பாண்டோகிராஃபைச் சுற்றிக் கூரை கருமையாக இருக்கட்டும். மின்காப்பிகளை (இன்சுலேட்டர்) வெள்ளைப் புள்ளியாகத் தொட்டு வைத்தால், ஐந்து நிமிட வேலையில் கூரையே உயிர்பெறும்.

ஜப்பானில் வாங்கிய மின்கட்டுப்பாட்டுப் பெட்டியை இங்கே செருகலாமா?

கூடாது. ஜப்பான் சந்தைக்கானவை 100 வோல்ட். 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். செருகியின் அடாப்டரில் உள்ளீடு 100 முதல் 240 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் சரி. இல்லையென்றால் 100 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும்.

பழையது வாங்கும்போது எதைப் பார்ப்பது?

இணைப்புப் பாகங்களின் உறை பிரிக்காமல் இருக்கிறதா, எழுத்துத்தாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய எழுத்துத்தாள் இருந்தாலும் பசை காய்ந்திருக்கும், புதிதாக வாங்கும் செலவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். மோட்டார் பெட்டிச் சக்கரத்தின் ரப்பர் வளையம் கெட்டியாகி வெடித்திருக்கலாம், அது எளிதாக மாற்றக்கூடியது. போகி நடுமுளை உடைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் எப்படிப் பாதுகாப்பது?

புத்தக வடிவப் பெட்டிக்குள் இருக்கும் யுரேத்தேன் நுரைதான் பெரிய எதிரி. ஈரக்காற்றில் அது ஆண்டுகள் போகப் போகச் சிதைந்து பிசுபிசுக்கும், வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ரயில் பெட்டியையும் மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றி வையுங்கள், நுரை பொடிந்தால் மாற்றுங்கள். சிலிக்கா ஜெல் உறைகளைக் கோடையில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். பரணில் வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை சில நிமிடம் ஓட்டினால் மோட்டாரும் தொடுதகடுகளும் நன்றாக இருக்கும். எண்ணெய் என்றால் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது, ஊசிமுனை அளவு, பற்சக்கர அச்சில் மட்டும். பூட்டுக்கு அடிக்கும் தெளிப்பான் வேண்டாம்.

இதே உடலை மாற்றிச் சென்னைப் புறநகர் மின்ரயில் செய்ய முடியுமா?

அளவு ஒத்துவராது. நம் அகலப்பாதை மின்ரயிலின் அகலம் 3.66 மீட்டர், 1/150-இல் 24.4 மி.மீ. இ233-இன் அகலம் 2.95 மீட்டர், அதாவது 19.7 மி.மீ. கிட்டத்தட்ட 5 மி.மீ. குறைகிறது. பாதையும் எதிர்த்திசையில் பிழைக்கும்: 1676 மி.மீ. என்பது 11.2 ஆக வேண்டும், இருப்பது 9. எனவே பிளாஸ்டிக் தகட்டில் உடலைப் புதிதாகக் கட்டி, 20 மீட்டர் வகுப்பு மோட்டார் அலகை அடியில் ஒளிப்பதுதான் வழி. ஜகார்த்தா வண்டி வேண்டுமென்றால் கதை வேறு. 2013 முதல் 205 வரிசைப் பெட்டிகள் நிஜமாகவே அங்கே போய் ஓடியிருக்கின்றன. உடல் அதேதான். சிவப்பு, மஞ்சள் பட்டைகளையும் முகப்பையும் நிழற்படம் பார்த்து மாற்றினால் ஆயிற்று.